வீட்டுக் கணக்கு: தம்பி மஸ்கட்டில், பாஸ்வேர்டு திருச்சியில்

“அக்கா, என் பாஸ்வேர்டு உன்கிட்ட இருக்கா?”

போன டிசம்பரில் தம்பி மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டான். எந்தப் பாஸ்வேர்டு என்றேன். “இன்கம்டாக்ஸ் வெப்சைட்டோடது.” என்னிடம் ஏது? “ஆடிட்டர்கிட்ட இருக்கும்டா” என்றேன். வினையே அங்கேதான் இருந்தது.

நம் ஊரில் வரிக் கணக்கு எழுதுகிற எல்லோருமே ஆடிட்டர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும் வைத்திருப்பவரும் ஆடிட்டர், படித்துப் பாஸாகி போர்டு மாட்டியவரும் ஆடிட்டர். தம்பிக்கு நாலு வருடமாக ரிட்டன் போட்டவர் முதல் ரகம். ஐந்நூறு ரூபாய்தான் வாங்குவார். நல்ல மனிதர் என்று நான்தான் பிடித்துக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். 2019-ல் 40 லட்சத்துக்கு வாங்கிய திருச்சி ஃபிளாட்டை 48 லட்சத்துக்கு விற்கிறான் தம்பி. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டும். பவர் என் பெயரில். வாங்குகிறவர், “50 லட்சத்துக்குக் கீழேதானேம்மா, வரிப் பிடித்தமே கிடையாது” என்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “விற்கிறவர் என்.ஆர்.ஐ.யா?”

அந்த 50 லட்சம் கணக்கு இங்கே வசிப்பவர்களுக்குத்தான். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் எத்தனை லட்சமானாலும் வாங்குபவர் வரி பிடித்துக் கட்டவேண்டும். பிடிக்காமல் விட்டால் மாட்டுவது வாங்கியவர். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு செஸ்ஸோடு சேர்த்து 13 சதவீதம். லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அதனால் பயந்துகொண்டு முழு விலைக்கும் பிடித்துவிடுவார்கள். 48 லட்சத்துக்கு 6,24,000 ரூபாய். தம்பிக்கு லாபம் 8 லட்சம்தான், உண்மையான வரி 1,04,000. மீதி 5,20,000 ரூபாய் அடுத்த வருடம் ரிட்டன் போட்டு ரீஃபண்டு வரும்வரை அரசாங்கத்திடம் கிடக்கும். காலேஜ் அதுவரை காத்திருக்குமா?

இதற்கு வழி உண்டு. லாபக் கணக்கைக் காட்டி, குறைவாகப் பிடித்தால் போதும் என்று வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம். ஆன்லைனில் விண்ணப்பிக்கவேண்டும். அந்த நிதியாண்டுக்குள் மட்டும் செல்லும். எங்களுக்கு மார்ச் 31 கெடு. பழைய ரிட்டன்களையும் பார்ப்பார்கள் என்பதால்தான் தம்பி பாஸ்வேர்டு தேடினான்.

நம் ‘ஆடிட்டர்’ போர்ட்டலில் கொடுத்திருந்தது அவருடைய ஈமெயில், அவருடைய செல் நம்பர். துறையிலிருந்து வந்த இரண்டு நோட்டீஸும் அவர் இன்பாக்ஸில் தூங்கிக்கொண்டிருந்தன. தம்பியின் ஆதாரில் இருந்த பழைய சிம் எப்போதோ செத்துவிட்டது, ஓடிபி வராது. கடைசியில் வங்கியின் நெட்பேங்கிங் வழியாகப் போர்ட்டலுக்குள் போனான். அந்த வாசல் இருப்பது பலருக்குத் தெரியாது.

உள்ளே போய்ப் பார்த்தால் நாலு வருடமும் ‘இந்தியாவில் வசிப்பவர்’ என்று ஐ.டி.ஆர்.-1 போட்டிருக்கிறார். என்.ஆர்.ஐ. அந்தப் படிவத்தையே தொடக்கூடாது. வாடகையும் வட்டியும் வருகிற தம்பி மாதிரி ஆட்களுக்கு ஐ.டி.ஆர்.-2. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே உள்ள 87ஏ தள்ளுபடியையும் எடுத்திருந்தார். ஒரு பக்கம் வங்கி, என்.ஆர்.ஓ. வட்டியில் என்.ஆர்.ஐ. என்று 31.2 சதவீதம் பிடிக்கிறது. மறுபக்கம் ரிட்டன், ஆள் உள்ளூரில் இருக்கிறார் என்கிறது. நோட்டீஸ் வராமல் என்ன செய்யும்?

அவரைப் போய்க் கேட்டேன். “என்.ஆர்.ஐ.ன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா” என்றார். அதுவும் உண்மைதான். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு சரியான ஆளைத் தேடினோம். தம்பியின் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பெயர் கொடுத்தார்கள். மூவரிடமும் உறுப்பினர் எண் கேட்டோம். சி.ஏ. என்றால் அது இருந்தே ஆகவேண்டும், ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் எண்ணைக் கொடுக்காமலே மழுப்பினார். இன்னொருவர் ரீஃபண்டில் பத்து சதவீதம் கொடுங்கள் என்றார். சி.ஏ. அப்படிப் பங்கு கேட்கக்கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. மூன்றாமவர் திருச்சிப் பெண்மணி. முதல் கேள்வியே, “போன ஏப்ரலிலிருந்து உங்க தம்பி எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார்? பாஸ்போர்ட்டில் சீல் விழுந்த பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.” அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்தச் சட்டத்தில் எல்லாமே நாள் கணக்கில்தான் தொடங்குகிறது. பொதுவாக 182 நாள். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், லீவுக்கு வந்துபோகிறவர்களுக்கு 120 நாளிலேயே நிலைமை மாறலாம்.

ஃபீஸ் எவ்வளவு, அதில் என்னென்ன வேலை என்று ஈமெயிலில் எழுதிக் கொடுத்தார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. தயாரித்து அனுப்புவேன், பார்த்துவிட்டுச் சமர்ப்பிப்பதும் வெரிஃபை செய்வதும் உங்கள் தம்பி வேலை என்றார். அந்த வருட ரிட்டனை டிசம்பர் 31-க்குள் திருத்தினோம். பழைய மூன்றுக்கும் அப்டேட்டட் ரிட்டன் போட்டு, கூடுதல் வரியும் வட்டியும் கட்டினோம். தொகை சில ஆயிரம்தான், என் தூக்கம் போனதுதான் பெரிது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பாதிக் கதை. இந்திய வட்டியை அங்கேயும் காட்டவேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற தனி அறிக்கையும் உண்டு. திருச்சி சி.ஏ. அதைச் செய்வார் என்று நினைக்காதீர்கள். அங்கே காசு வாங்கிக்கொண்டு ரிட்டன் தயாரிப்பவர் பி.டி.ஐ.என். எண்ணோடு கையெழுத்தும் போடவேண்டும். போட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓமனில் சம்பளத்துக்கு இப்போது வரி இல்லை. 2028 ஜனவரியிலிருந்து வருகிறது, ஆனால் 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குத்தான். “அந்தக் கவலை எனக்கு இந்த ஜென்மத்துல இல்லக்கா” என்கிறான் தம்பி.

சான்றிதழ் மார்ச் இரண்டாம் வாரம் வந்தது. 20-ம் தேதி பத்திரம் பதிந்தோம். அன்று ராத்திரியே தம்பி போர்ட்டலில் தன் ஈமெயில், ஓமன் நம்பர் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றினான். என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சொல்லவில்லை.