காரூனின் சாவிகளும் கரிசல்காட்டுத் துண்டும்

செல்வம் வந்த பின் மனிதனின் உள்ளம் என்னவாகும் என்பதை முந்தைய வேதங்கள் மிக நுட்பமாகவே எச்சரித்திருக்கின்றன. மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்கு இறுதியாக ஆற்றிய உரைகள் என உபாகமத்தில் தொகுக்கப்பட்டிருப்பவற்றுள் எட்டாம் அதிகாரம் இதைத்தான் பேசுகிறது. வயிறு நிறைந்து, நல்ல வீடுகள் கட்டி, ஆடுமாடுகளும் வெள்ளியும் பொன்னும் பெருகிய பின்னர் உள்ளம் மேட்டிமை கொள்ளும். என் கைவலிமைதான் இதையெல்லாம் தேடித் தந்தது என்று சொல்லத் துணியும் என்கிறது அது. பாலைவனத்தில் பசித்துத் திரிந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றிய கவலை அன்று அது. பசி தீர்ந்த பின்னுள்ள நாட்களைப் பற்றிய கவலை. லூக்காவின் சுவிசேஷத்தில் ஈஸா (அலை) அவர்கள் கூறியதாக வரும் உவமையும் இவ்வகையே. அமோக விளைச்சல் கண்டவன் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அந்த இரவே அவனது உயிர் கேட்கப்படுகிறது.

அல்குர்ஆன் இந்த எச்சரிக்கைக்கு ஒரு முகத்தையும் பெயரையும் தருகிறது. ஸூரா அல்கஸஸில் வரும் காரூனின் கருவூலச் சாவிகளைச் சுமப்பதே வலிமைமிக்க ஒரு கூட்டத்தாருக்குப் பாரமாக இருந்தது. பைபிளின் எண்ணாகமத்திலும் அவன் உண்டு; கோராகு என்ற பெயரில், மூஸா (அலை) அவர்களின் தலைமையை எதிர்த்துக் கிளம்பிப் பூமிக்குள் விழுங்கப்பட்டவனாக. ஆனால் அவனது பெருஞ்செல்வத்தை அங்கே விரித்துப் பேசவில்லை. நம் வேதமோ செல்வத்தையே முன்னிறுத்துகிறது. அவனுக்கு அறிவுரை சொன்னவர்கள், அதைத் துறந்துவிடு என்று கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இவ்வுலகில் உனக்குள்ள பங்கை மறவாதே என்றும், அல்லாஹ் உனக்கு நன்மை செய்தது போல் நீயும் செய் என்றும்தான் கேட்டார்கள். அவன் அளித்த மறுமொழியில்தான் அழிவு இருந்தது: இது என்னிடமுள்ள அறிவினால் எனக்குக் கிடைத்தது.

இந்த மறுமொழியை எளிதில் சொல்லவிடாத மண் ஒன்று நம் தமிழகத்தில் இருக்கிறது. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல், வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் வர வேண்டிய மழை வந்தால் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் உண்டு. வராவிட்டால் எத்தனை கெட்டிக்காரச் சம்சாரியானாலும் மாட்டுக்குக் கூளமும் மிஞ்சாது. மழை வந்த ஆண்டிலும் உறுதி கிடையாது. 2018இல் அப்படி வளர்ந்து நின்ற மக்காச்சோளத்தைப் படைப்புழு வந்து தின்றது. வானமும் ஊற்றும் நீர் பாய்ச்சிய விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, மனிதன் இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கு என நபி (ஸல்) அவர்கள் விதித்ததை நாம் அறிவோம். உழைப்பும் செலவும் குறைந்த இடத்தில் கடமை இரட்டிப்பாவதற்கு அறிஞர்கள் தரும் விளக்கமும் அறிவோம். மானாவாரி மண்ணில் நின்று இந்தச் சட்டத்தைப் படித்தால், விளைச்சலில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற கணக்கும் அதனுள் இருப்பது புலப்படும்.

அந்தக் கரிசலில், கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ள சிற்றூர் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சில நாட்கள் இடைவெளியில் அங்கே பிறந்தவர்கள். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள் என்பது அச்சிற்றூருக்குரிய தனிப் பெருமை. இப்பெருமையில் ஆணவம் இல்லை என்றே கொள்வோம். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்ற சிறுகதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். காரூனின் வியாதி எந்த வயதில் தொற்றுகிறது என்பதை அது காட்டுகிறது.

செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன் தன் பட்டுச் சட்டையை ஏழைப் பிள்ளைகளிடம் பெருமையடிக்கிறான். அவர்களும் விடுவதாக இல்லை. தம்மிடம் இருப்பதைச் சொல்லிப் போட்டிக்கு நிற்கிறார்கள். அவன் வீட்டிற்குத் தீபாவளிக்கு அக்காள் கணவரான ஜமீன்தார் வருகிறார், ஊரார் வாயில் 'ராஜா'. ஏழை வீட்டிற்கோ உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டுகிறாள். உடுத்தத் துணியில்லாத அவனுக்கு, கணவனுக்காக வாங்கி வைத்திருந்த துண்டு போகிறது. அவன் பெயரும் ராஜாதான். மறுபடி அந்தச் செல்வச் சிறுவன் பெருமை பேசும்போது, எங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருக்கிறார் என்ற பொருளில் விடை சொல்கிறாள் அவ்வீட்டுச் சிறுமி. அவளுக்கு அது கேலியன்று. வந்த பிள்ளையை அவள் உண்மையாகவே விருந்தாளியாக நினைக்கிறாள்.

பட்டுச் சட்டையில் குற்றமில்லை (ஆண் மக்களுக்குப் பட்டு ஆகாது என்ற மார்க்கச் சட்டம் வேறு). நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையா எனக் கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆகவே பெருநாள் புத்தாடையின் விலையை விட, அதை அணிந்து வெளியே ஓடும் பிள்ளை அண்டை வீட்டுப் பிள்ளையிடம் என்ன பேசுகிறது என்பதே நாம் காது கொடுக்க வேண்டிய செய்தி. அந்தப் பேச்சை அது நம்மிடம்தான் கற்கிறது.

நாம் கொடுக்கும் விதத்திலிருந்தும் கற்கிறது. ரமளானின் கடைசி நாட்களில் சில வீட்டு வாசல்களில் ஏழைப் பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். வாங்கும் கையோடு கொடுக்கும் முகமும் படத்தில் விழ வேண்டும். அது அன்று மாலையே வாட்ஸ்அப் குழுமங்களில் வர வேண்டும். ஜகாத் என்பது ஏழைக்குரிய உரிமை. உரியவரிடம் அவர் பொருளை ஒப்படைக்கும்போது அவரை ஏன் நிற்க வைக்கிறோம்? சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தருமத்தைப் பாழாக்குபவனுக்கு ஸூரா அல்பகரா, மேலே சிறிது மண் படிந்த வழுக்குப் பாறையை உவமை சொல்கிறது. பெருமழை பெய்ததும் பாறை மொட்டையாகிவிடுகிறது. கரிசலில் பயிரை எழுப்பும் அதே மழைதான்.

திருமண விருந்திலும் இப்படியே. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தே உணவுகளில் தீயது என்ற அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வெளிநாட்டு வருமானத்தாலும் வணிகத்தாலும் வசதி கண்ட நம் குடும்பங்கள் இன்று ஏழைகளை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. அழைக்கிறோம், ஆனால் கடைசிப் பந்தியில், மண்டபத்தின் பின்வாசல் பக்கமாக. இவ்வாண்டு திருமணம் வைத்திருப்போர் முதல் பந்தியில் பத்து இடங்களை அவர்களுக்கென எழுதி வைக்கலாம். பரிமாறும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். படம் பிடிப்பவரை அந்த நேரத்தில் மணமகன் பக்கம் அனுப்பிவிடலாம்.