டிம்சம் பில்லில் இல்லாத ஒரு வரி



ஒரே சீன ஹோட்டல்ல ரெண்டு தடவை ஏமாந்தேன். முதல் தடவைக்கு அந்த ஹோட்டல் காரணம். ரெண்டாவது தடவைக்கு முழுக்க முழுக்க நான்தான் காரணம். தினமும் அடுத்தவங்க கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுற ஆடிட்டர் நான். அதனாலதான் இதை எழுதவே கொஞ்சம் வெட்கமா இருக்கு. ஆனா உங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரி சின்ன ஊர்ல இருந்து வந்து சென்னையில சம்பளம் வாங்குறவங்க. உங்களுக்கு இது உதவும்.

முதல் தடவை ஆபீஸ் நண்பர்களோட போனேன். மொத்தம் அஞ்சு பேர். டிம்சம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ஹாங்காங், குவாங்டாங் பக்கத்துச் சாப்பாடு. சின்னச் சின்னதா மடிச்சு, மூங்கில் கூடையில ஆவியில வேகவச்சு, டீயோட சாப்பிடுவாங்க. இறால் வச்ச 'ஹார் காவ்'தான் அதுல பேர்போனது. மேல் மாவு உள்ளே இருக்குற இறால் தெரியுற அளவுக்கு மெல்லிசா இருக்கணும், எடுக்கும்போது கிழியவும் கூடாது. சமையல்காரர் கைத்திறமையை அதை வச்சே எடை போடுவாங்க.

எங்களுக்கு வந்ததுல மாவு தடிமனா இருந்துச்சு, கூடையில ஒட்டிக்கிட்டுக் கிழிஞ்சுச்சு, நடுவுல சூடே இல்ல. அடுத்த கூடை வர அரைமணி நேரம். மூணு பீஸ் 390 ரூபாய், அதாவது ஒரு வாய்க்கு 130 ரூபாய். அந்த நேரம் பார்த்து வெயிட்டர் வந்து, "எப்படி இருக்கு சார்?"னு கேட்டார். அஞ்சு பேரும் ஒரே குரல்ல சொன்னோம்: "சூப்பர்!"

ஏன் அப்படிச் சொன்னோம்? என் மனசுல ஓடினது இதுதான்: 'ஒருவேளை டிம்சம்னாலே இப்படித்தான் இருக்குமோ? நமக்குத்தான் தெரியலையோ?'

கிளம்பும்போது ஒரு கூப்பன் கொடுத்தாங்க. அடுத்த தடவை 3,000 ரூபாய்க்கு மேல சாப்பிட்டா 500 தள்ளுபடி. ரெண்டு வாரம் கழிச்சு தேவாரத்துல இருந்து அம்மா, அப்பா வந்தாங்க. அந்தக் கூப்பன் பர்ஸ்ல இருந்துக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. மனைவியையும் சேர்த்து நாலு பேரா கிளம்பிட்டோம்.

நாங்க ஆர்டர் பண்ணது 2,400 ரூபாய்க்கு. கூப்பனுக்காக இன்னும் ரெண்டு அயிட்டம் சேர்த்து 3,100 ஆக்கினேன். தள்ளுபடி போக 2,600. அதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 260. ரெண்டையும் கூட்டி 5 சதவீதம் ஜிஎஸ்டி 143. மொத்தம் 3,003 ரூபாய். கூப்பனே இல்லாம 2,400-க்கு மட்டும் சாப்பிட்டிருந்தா, இதே கணக்குல 2,772-தான் வந்திருக்கும். 500 ரூபாயை மிச்சம் பிடிக்க 231 ரூபாய் கூடச் செலவு பண்ணியிருக்கேன். சேர்த்து வாங்கின ரெண்டு கூடையும் பாதிக்கு மேல மீந்துபோச்சு.

அம்மா ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பார்த்துட்டு மெதுவா கேட்டாங்க, "ஏய்யா, இது நம்ம கொழுக்கட்டைதானே? மாவு சரியா வேகலையே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெதுவாம்மா, இது இப்படித்தான் இருக்கும்." அதுக்கப்புறம் அவங்க எதுவும் சொல்லல. வெயிட்டர் கேட்டப்ப, "நல்லாருக்குப்பா"ன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ரசம் ஊத்திச் சோறு சாப்பிட்டாங்க.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காசு போனதுக்காக இல்ல. நாப்பது வருஷமா மாவு பிசையுற கைக்கு மாவு வெந்திருக்கா இல்லையான்னு தெரியும். அந்த மேஜையில விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான். அவங்களை நான் வாயடைச்சுட்டேன்.

இதே நாம ஊர்ல எப்படி இருப்போம்? பரோட்டாக் கடையில சால்னா ஆறிப்போயிருந்தா, "அண்ணே, சூடா ஊத்துங்க"ன்னு யோசிக்காம கேட்போம். சந்தையில கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்காம அம்மா வாங்கினதே இல்ல. அப்பா ஏலத்தோட்டத்துல வேலை பார்த்தவர், கூலிக் கணக்குல ஒரு ரூபாய் குறைஞ்சாலும் நின்னு கேட்டு வாங்குவார். ஆனா ஏசி ஓடுது, மெனு இங்கிலீஷ்ல இருக்கு, பேரு வாய்ல நுழையலன்னா, காசு கொடுக்குற நாமளே பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி உட்கார்ந்துடுறோம். இதுக்கு நான் வச்சிருக்குற பேரு கூச்ச வரி. எந்த பில்லுலயும் இது தனியா வராது. ஆனா எல்லா வரியையும் விட இதுதான் அதிகம்.

அந்த சர்வீஸ் சார்ஜையே எடுத்துக்கோங்க. அது அரசாங்க வரி இல்ல, ஹோட்டல் தானா போடுறது. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லுல சேர்க்கக் கூடாது, சாப்பாட்டு பில்லோட கூட்டி அதுக்கு மேல ஜிஎஸ்டி போடக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச் 28-ல டெல்லி உயர் நீதிமன்றம் அவங்க மனுக்களைத் தள்ளுபடி பண்ணி, ஆணையம் சொன்னது சரின்னு தீர்ப்பு கொடுத்துச்சு. சங்கங்கள் மேல்முறையீடும் போயிருக்காங்க. நீங்களா விரும்பிக் கொடுக்குற டிப்ஸுக்குத் தடை எதுவும் இல்ல. இது எல்லாமே எனக்குத் தெரியும். இருந்தும் அந்த 260-ஐயும், அதுக்கு மேல வந்த 13 ரூபாய் ஜிஎஸ்டியையும் பேசாம கட்டிட்டு வந்தேன். அம்மா, அப்பா முன்னாடி 'கணக்குப் பார்க்குறவன்'னு தெரியக் கூடாதாம். கணக்குப் பார்க்குறதுதானே என் தொழிலே!

ஹோட்டல் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். விலை அதிகம்ங்குறது மட்டும் குத்தம் இல்ல. 5 சதவீத ஜிஎஸ்டி வாங்குற ஹோட்டல், தான் கடை வாடகைக்கும் மத்ததுக்கும் கட்டுற ஜிஎஸ்டியைத் திரும்பக் கழிச்சுக்க முடியாது. அந்தச் சுமையும் மெனு விலையிலதான் வந்து நிக்கும். நல்ல டிம்சத்துக்குக் கைவேலையும் அதிகம். ஒழுங்கா பண்ணிக் கொடுத்தா 390-க்கு நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். விலைக்கு ஏத்த பொருள் வரலைன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்ததுதான் என் வருத்தம்.

அதனால, "வெளியில சாப்பிடாதீங்க, அந்த 3,003-ஐ எஸ்ஐபில போடுங்க"ன்னு நான் சொல்லப் போறதில்ல. சம்பாதிக்குறதே அம்மா, அப்பாவை நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகத்தான். நான் இப்போ பண்றதை மட்டும் சொல்றேன்.

உட்கார்ந்ததும், "சர்வீஸ் சார்ஜ் உண்டா?"ன்னு கேட்டுடுறேன். கடைசியில கேட்குறதை விட முதல்ல கேட்குறது ரொம்ப சுலபம். முதல் தட்டு சரியில்லைன்னா, அப்பவே மரியாதையா சொல்லி மாத்தித் தரச் சொல்றேன். முழுசா சாப்பிட்டு முடிச்சுட்டுச் சண்டை போடுறதுல பிரயோஜனம் இல்ல. பில் வந்ததும் ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பார்க்குறேன். காம்போசிஷன் முறையில இருக்குற சின்ன ஹோட்டலா இருந்தா, அவங்க கஸ்டமர்கிட்ட ஜிஎஸ்டி தனியா வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜை எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுக்கலாம். பிடிக்காத கடையோட கூப்பனை மட்டும் வாசல்லயே விட்டுட்டு வந்துடுறேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பூரணக் கொழுக்கட்டை வச்சிருந்தாங்க. அந்த ஹோட்டல் பேச்சை நானே எடுத்தேன். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான்மா சரி, மாவு வேகல"ன்னேன். அம்மா சிரிச்சுக்கிட்டே, "அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு கூடை வச்சுக் கொடுத்திருப்பான்லய்யா"ன்னாங்க.

உங்க கடைசி ஹோட்டல் பில் போன்ல இருந்தா இப்பவே எடுத்து வரிவரியா படிச்சுப் பாருங்க. புரியாத வரி ஏதாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.