கண்டலும் காயாவும் தேவாங்கும்

போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரிக்குப் போனேன். மகள் வீட்டோடு திண்டுக்கல் வந்த பிறகு அந்தப் பக்கம் போவதே குறைந்துவிட்டது. அங்கே ஒரு நாள் முழுக்க 'இயற்கை நடை'. நடை என்று பேர்தான். பாதி நேரம் வேனில் போனோம். என் முழங்காலுக்கு அது சௌகரியமே.

காலையில் தேங்காய்த்திட்டு உப்பங்கழி. சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போல வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மூச்சுவிட வெளியே அனுப்பும் வேர்கள். வழிகாட்டிய தம்பி "அவிசீனியா மரீனா" என்றார். "தமிழ்ல என்ன தாத்தா?" என்றாள் பேத்தி. எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த அம்மாள்தான், "கண்டல் பாப்பா, இது வெண்கண்டல்" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் 'திக்தே' எழுதும்போது ஷேன், எத்ர் என்று பார்த்தேயிராத சீமை மரங்களைப் பிழையில்லாமல் எழுதியவன் நான். வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற மரம் தெரியாது. பிற்பாடு சர்க்கார் உத்தியோகத்தில் இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிய கோப்புகள் என் மேஜைக்கும் வந்தன. 'புதர் மண்டிய புறம்போக்கு' என்று நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். புதர் என்று எழுதிவிட்டால் மண் கொட்டி மேடாக்க யாருக்கும் மனம் உறுத்தாது. 'கண்டல் மரங்கள்' என்று எழுதியிருந்தால் மேலதிகாரி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

மதியம் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. அங்கே காசா மரத்தைக் காட்டினார்கள். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்வோமே, காயாம்பூ, அது இந்த மரத்துப் பூதானாம். பேரை எழுபது வருஷமாகத் தெரியும், மரத்தை அன்றுதான் பார்த்தேன்.

லத்தீன் பேர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டல் என்றே நாலைந்து மரங்களைச் சொல்கிறோம். பிரித்தறிய அது வேண்டும். ஆனால் ஊர்ப் பேர் முதலில் வரட்டும். நடை நடத்துகிறவர்கள் அந்த நண்டுக்கார அம்மாளைப் போல ஒருவரை, உரிய கூலி கொடுத்து, கூடவே அழைத்துப் போகலாம். கட்டணம்தான் வாங்குகிறார்களே!

நம் ஊர் மட்டும் என்ன? ஒல்லியானவனைத் 'தேவாங்கு' என்று திட்டத்தான் நமக்குத் தெரியும். அதற்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயம் 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. பயிர் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சாதுப் பிராணி. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அடுத்த நடை அய்யலூர்ப் பக்கம் என்று முடிவாகியிருக்கிறது. தேவாங்கு இரவில்தான் வெளியே வரும், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. பேத்தி இப்போதே டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி வைத்துவிட்டாள்.