சுவரில் ஒரு திரை, அதில் யாருடைய நிறம்?

பழைய மானிட்டர் ஒன்றும் ராஸ்பெர்ரி பை என்னும் கையளவுக் கணினியும் இருந்தால், குடும்பத்தின் வார அட்டவணையையும் பிள்ளைகளின் ஓவியங்களையும் காட்டும் திரையை வீட்டிலேயே அமைத்துவிடலாம். நாட்காட்டி, கடிகாரம், வானிலை ஆகியவற்றை ஒரே திரையில் அடுக்கித் தரும் மேஜிக்மிரர் என்னும் கட்டற்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பொருத்துவது எளிது. அத்திரையில் எழுதப்போவது யார் என்பதே விவாதத்துக்குரியது.

இந்திய வீடுகளுக்கு இத்தகைய பலகை புதிதன்று. 1973இல் மராத்தியில் தொடங்கிய கால்நிர்ணய் போன்ற சுவர் நாட்காட்டிகளின் கட்டங்களில் பால் வராத நாளும், எரிவாயு உருளை மாற்றிய தேதியும், பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாளும் குறிக்கப்பட்டு வந்தன. அக்குறிப்புகளில் பெரும்பாலானவை வீட்டுப் பெண்களின் கையெழுத்தில் இருந்தன. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். தடுப்பூசி நாளையும் மின்கட்டணத் தேதியையும் சமைத்துக்கொண்டே நினைவில் சுமக்கும் உழைப்பு இந்நிமிடங்களில் எளிதில் அகப்படாது.

ஆகவே, அனைத்தையும் தாய் தன் கைப்பேசியில் பதிந்து, மற்றவர்கள் படிக்க மட்டும் செய்வார்களாயின், திரை அவருக்கு இன்னொரு வேலையாகவே முடியும். ஒவ்வொருவரின் நாட்காட்டியையும் தனித்தனி நிறத்தில் இணைக்க மேஜிக்மிரர் இடமளிக்கிறது. ஒவ்வொரு வேலையும் அதைச் செய்யப்போகிறவரின் நாட்காட்டியில் ஏறட்டும். வாரம் முழுவதும் ஒரே நிறம் நிறைந்து நின்றால், அவ்வீட்டில் பேசப்பட வேண்டியது எதுவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓவியங்கள் வேறு வகைப் பொறுப்பைக் கோருகின்றன. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வது அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது. அதாவது, வீட்டுக்குள் பிள்ளையின் விருப்பத்தை மதிப்பது பெற்றோரின் கையில் விடப்பட்டிருக்கிறது. எந்தப் படம் திரையில் வரவேண்டும், எது நீங்கவேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். படங்கள் வீட்டுக் கணினியின் நினைவட்டையிலேயே இருக்கட்டும். பெயரும் பள்ளியும் எழுதிய மூலையை வெட்டிவிடுவதும், வாசலில் நிற்பவர் கண்ணில் படாத சுவரைத் தேர்வதும் நல்லது.

காகித நாட்காட்டி இதைவிட மலிவானது, மின்சாரமும் கேட்காது என்பார்கள். உண்மைதான். அது நன்றாக நடக்கும் வீட்டில் மாற்றத் தேவையில்லை. ஆனால் அலுவலகத்திலிருக்கும் தந்தை அதில் எழுத முடியாது. ‘நான் பார்க்கவில்லை’ என்ற விடையும் அங்கே செல்லுபடியாகிறது. அவ்விடைக்கு இடமில்லாமல் செய்யுமானால், அத்திரை சுவரில் இருக்கத் தகுதியுடையது.