கொதிகலனுக்குப் பணம் உண்டு, காவல் நிற்பவருக்கு இல்லையா?

தேயிலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணின் படம்தான். ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் விடிய விடிய நெருப்பைக் காத்து நிற்கும் அடுப்புக்காரரை யாரும் படம் பிடிப்பதில்லை. அந்த நெருப்பு ஓர் இரவு அணைந்தால், மலையில் பறித்த கொழுந்து முழுவதும் குப்பைதான்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டுவது விறகுச் சூடு. ட்ரையருக்குள் போகும் காற்று ஏறக்குறைய 100 பாகை சூட்டில் இருக்க வேண்டும். வெளியே வரும் தூளில் 3 வீதம் அளவுக்கே ஈரம் நிற்கலாம். சூடு இறங்கினால் தூள் பழுது, கொழும்பு ஏலத்தில் விலை பழுது.

எங்கள் பகுதியில் சில தோட்டங்கள் பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு, ஸ்டோருக்கு வெளியே விறகுக் கொதிகலன் பொருத்தி வருகின்றன. இதை நாம் எதிர்க்கவில்லை. பழைய ஹீட்டரின் குழாய் ஓட்டையானால் புகை நேராகத் தேயிலையில் ஏறும், ட்ரையர் அருகே நிற்பவரின் நெஞ்சிலும் ஏறும். நெருப்பு கட்டிடத்துக்கு வெளியே போவது நல்லதுதான். ஆனால் கொங்கிறீட் போட்டு இரும்பை நிறுத்தி, புகைபோக்கி நட்டு, படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிர்வாகம் நினைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். புதுக் கொதிகலன் வந்த முதல் மழைக்காலத்திலேயே சூடு ஏறவில்லை. தூள் ஈரமாக இறங்கியது. இரவு வேலையிலிருந்த அடுப்புக்காரர் தூங்கிவிட்டார் என்று எழுதி, விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நாம் போய்ப் பார்த்தபோது, வெட்டி இரண்டு கிழமையும் ஆகாத டர்பன்டைன் கட்டைகள் வானம் பார்த்துக் குவிந்து கிடந்தன. ஒரு கட்டையைப் பிளந்து துரையின் மேசைமேல் வைத்தோம். மேசை நனைந்தது. கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் விறகுக் கொட்டில் இன்னும் கட்டப்படவில்லை.

அப்போதுதான் வெட்டிய மரத்தின் பாரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை அடுப்பில் போட்டால், நெருப்பு முதலில் விறகைக் காய வைக்கத்தான் உழைக்கும். விறகு கூடுதலாகச் செலவாகும், சூடு குறையும், புகை மண்டும். குழாய்களிலும் புகைபோக்கியிலும் கரி படியும். அந்தக் கரி ஒருநாள் தானே தீப்பற்றும். பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி, சில மாதங்கள் காயவிட்டால் இத்தனையும் குறையும். கொதிகலன் வாங்கப் பணம் இருந்தவர்களுக்கு நாலு தூணும் தகரமும் வாங்கப் பணம் இல்லையா?

விறகைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தெரியாமல் போனால் கொதிகலன் வெறும் இரும்பாகக் காய்ந்து சிவக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய்க் குளிர்ந்த நீரை விட்டால் வெடிக்கும். நீர் குறைந்தால் முதலில் நெருப்பைத்தான் நிறுத்த வேண்டும். இது தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முறை வேலையிலும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? கொழுந்து லொறி வந்தால் அடுப்புக்காரரையே சாக்கு இறக்கக் கூப்பிடுகிறார்கள்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டாம். பாதுகாப்பு வால்வு சீறுகிறது என்று அதன்மேல் பாரம் கட்டியவர்களும், குடித்துவிட்டு இரவு வேலைக்கு வந்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அப்படிச் செய்பவருக்காகச் சங்கம் வாதாடாது. அவர் விளையாடுவது பக்கத்தில் நிற்பவரின் உயிரோடு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஸ்டோருக்கும் உரியது. நீராவிக் கொதிகலன் அதிகாரம் பெற்றவரால் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டும் என்கிறது அது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு தர 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பரிசோதனை அறிக்கையைக் காட்டும்படி கேட்பது வம்பு வளர்ப்பதல்ல.

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்பவை:

1. கொதிகலன் ஓடுமுன் விறகுக் கொட்டில் கட்டப்பட வேண்டும்.
2. ஒவ்வொரு முறை வேலைக்கும் பயிற்சி பெற்ற ஒருவர், வேறு வேலை இல்லாமல் நிற்க வேண்டும். அவருக்கு அந்தப் பொறுப்புக்கேற்ற சம்பளம் வேண்டும்.
3. தோல் கையுறை, சப்பாத்து, கண்ணாடி ஆகியவை தோட்டச் செலவில் தரப்பட வேண்டும். சாம்பல் வாரும்போது வெறுங்கால் கூடாது.
4. புகைபோக்கியின் புகை லயத்துக்குள் இறங்காத உயரமும் திசையும் பார்த்துப் பொருத்த வேண்டும். சுடு சாம்பலைப் பிள்ளைகள் விளையாடும் பக்கம் கொட்டக் கூடாது.
5. ஸ்டோருக்கு விறகு வந்ததென்று சொல்லி, லயத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்துவரும் கவ்வாத்து மிலாறை நிறுத்தக் கூடாது.

தோட்டத் தலைவர்களே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒருமுறை கொதிகலன் கொட்டிலுக்குப் போய் வாருங்கள். விறகைத் தொட்டுப் பாருங்கள். நீர்மட்டக் கண்ணாடி தெளிவாக இருக்கிறதா, வால்வு வேலை செய்கிறதா என்று அடுப்புக்காரரிடம் கேளுங்கள். அவர் கடைசியாக எப்போது ஓர் இரவு ஓய்வெடுத்தார் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள். நிர்வாகத்தோடு பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.