டிராக்டருக்கு வரி குறைந்தது, ஆயிலுக்குக் குறையவில்லை: கஞ்சத்தனம் எங்கே வேண்டாம்?

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 6 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி என்றால் 42 ஆயிரம் ரூபாய் மிச்சம். டிராக்டர் டயர், டியூபுக்கும் கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் போன்ற குறிப்பிட்ட சில பாகங்களுக்கும் வரி 18-ல் இருந்து 5 ஆனது. ஆனால் இன்ஜின் ஆயிலுக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது. வண்டியை வாங்குவது எளிதாகிவிட்டது. அதை ஓடவைக்கும் செலவில் அடிக்கடி வருகிற ஒன்று மட்டும் இறங்கவில்லை.

இதனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடன் தவணை, டீசல், டிரைவர் கூலி எல்லாம் கொடுத்த பிறகு கையில் இருப்பதைப் பார்த்து, "ஆயிலை அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று தள்ளிப்போடுவீர்கள். வண்டி அன்றைக்கு நின்றுவிடாது, மறுநாளும் ஓடும். அதுதான் சிக்கலே. ஆயில் கெட்டுப்போவது வெளியே தெரிவதில்லை.

டீசல் இன்ஜினில் ஆயிலுக்கு வழுவழுப்பு தருவது மட்டும் வேலை இல்லை. பிஸ்டனின் சூட்டை எடுத்துப்போகிறது, எரிந்த டீசலின் கரியைத் தன்னுள் பிடித்து வைக்கிறது. புது ஆயில் ஊற்றிச் சில நாளில் கறுத்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். கரியைப் பிடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிடிக்கும் சக்தி தீர்ந்த பிறகுதான் ஆபத்து. கரி கெட்டியாகி வண்டலாகப் படிந்து, ஆயில் போகும் சிறு துளைகளை அடைக்கும். ஃபில்டரும் அடைத்துக்கொண்டால் அதிலுள்ள மாற்று வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே அனுப்பும். இன்ஜின் ஆயில் இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அழுக்கு ஆயில் கிராங்க் மெட்டலில் போய் உரசத் தொடங்கும். மெட்டல் தேய்ந்து, ஆயில் பிரஷர் இறங்கி, கடைசியில் கிராங்க் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே ரிங்கும் லைனரும் தேய்ந்து நீலப்புகை வர ஆரம்பித்திருக்கும்.

ஆயிலும் ஃபில்டரும் மாற்ற ஆவது சில ஆயிரம் ரூபாய். மெட்டல், கிராங்க், லைனர் என்று இன்ஜினைப் பிரித்தால் பல பத்தாயிரம் ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள், சம்பா சேற்றுழவு நேரத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால் அந்தச் சீசன் வாடகை திரும்ப வராது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல பழைய மாடல்களுக்கு 250 மணி நேரம், புதியவை சிலவற்றுக்கு 400, 500 என்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுபவர்கள் மாதக் கணக்கு வைத்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு டிரைவர் மாற்றி நாளுக்கு 16 மணி நேரம் கேஜ் வீல் ஓட்டினால் 250 மணி நேரம் 16 நாளில் முடிந்துவிடும். பழைய வண்டிகளின் மணி மீட்டரை முழுதாக நம்பவும் முடியாது. அது இன்ஜின் வேகத்தை வைத்து ஓடுவது. குறைந்த வேகத்தில் நின்று ஓடிய நேரம் அதில் குறைவாகவே ஏறும். ஒரு நோட்டுப் போட்டுத் தேதியையும் மணியையும் எழுதி வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் பழுதானால் முதலில் கேட்கப்படுவதும் சர்வீஸ் பதிவுதான். குறைவாக ஓடும் வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோரும் கவனிக்கிறோம், கூடினால் யாரும் கவனிப்பதில்லை. ஊற்றாமலே அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், பம்பில் இருந்தோ நாசிலில் இருந்தோ டீசல் கசிகிறது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. மெக்கானிக் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் டப்பாவில் உள்ள எழுத்தையும் பாருங்கள். 15W-40 என்பது கெட்டித்தன்மை. சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4 என்பது தரம். எழுத்து முன்னேற முன்னேற புதிய இன்ஜினுக்கு ஏற்றது. 2023 முதல் வந்த 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்கள் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பழைய வண்டியின் ஆயில் ஒத்துவராது. கையேடு சொல்லும் தரத்தைத்தான் ஊற்ற வேண்டும். கியர், ஹைட்ராலிக் ஆயிலை இன்ஜினில் ஊற்றவே கூடாது. சீல் இல்லாத சில்லறை ஆயிலும் வேண்டாம்.

பவர் வீடர் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அந்தச் சின்ன நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பெரும்பாலும் ஆயில் ஃபில்டரே கிடையாது. பிடிப்பதும் அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான். புது மெஷினில் முதல் 20 மணி நேரத்துக்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி நிறுத்திவிட்டு வடியுங்கள், வண்டலும் சேர்ந்து இறங்கும். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் முறுக்கினால் போதும். ஏர் கிளீனரையும் அன்றே பார்த்துவிடுங்கள்; புழுதி உள்ளே போனால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. வடித்த பழைய ஆயிலை வாய்க்கால் ஓரத்திலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால், சர்வீஸ் செய்யும் இடத்திலேயே வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.