காணியைப் பறித்தது யார்?

கண்டிப் பகுதியில் தோட்டத் தொழிலாளருக்குக் காணி கொடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது எங்கள் மூதாதையர் மண்" என்ற மறுப்பு எழும். அதில் உண்மை உண்டு. ஆனால் கோபம் போய்ச் சேரும் இடம் தவறு.

1815 மார்ச் 2ஆம் திகதி பிரதானிகள் ஏற்ற கண்டி ஒப்பந்தம் மலைநாட்டை ஆங்கிலேய முடியிடம் ஒப்படைத்தது. உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் அரசுக்கே சொந்தம் என்றது 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம். தலைமுறைகளாகச் சேனை செய்த கிராமத்தவர் பத்திரத்துக்கு எங்கே போவார்? கோப்பித் துரைமார் அந்த மலைகளை மலிவாக வாங்கினார்கள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியோ கங்காணியிடம் பட்ட கடனைச் சொல்லும் 'துண்டு' ஒன்றோடு லயத்தில் ஒடுங்கினார்.

அந்தத் தொழிலாளரின் தலைவிதியையும் ஓர் ஒப்பந்தமே எழுதியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கிட்டனர். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேர் 1974இல் பாதிக்குப் பாதி. கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. அந்த மக்களின் சம்மதம்தான் அதில் இல்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் இறங்கியவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

பறித்த நிலத்துக்கான நீதி தாமதமானால் என்னவாகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கயூகா பழங்குடியினரின் நிலத்தை உறுதிசெய்த கனன்டைகுவா ஒப்பந்தம் 1794இல் கையெழுத்தானது. மறு ஆண்டே நியூயார்க் மாநிலம் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. இருநூறு ஆண்டு கழித்துக் கிடைத்த சுமார் 24.8 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பை 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. காரணம், வழக்குக்கு வரத் தாமதமாகிவிட்டதாம்! அதே ஆண்டு அவர்களுக்குத் திரும்பியது, ஆதரவாளர்கள் வாங்கி ஒப்படைத்த 70 ஏக்கர் பண்ணை.

இலங்கையில் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. லயக் காம்பிரா மட்டும் இன்னும் தோட்டத்துக்கே சொந்தம். ஏழு பேர்ச்சஸில் வீட்டைக் கட்டிக் கொடுத்து, காணி உறுதியை இழுத்தடிப்பது பழைய பிடியை விடாததுதான். கண்டி, மாத்தளையில் பல தோட்டங்கள் ஜனவசம போன்ற அரச நிறுவனங்களிடமே உள்ளன. தோட்டக் கம்பெனி இணங்கவில்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. காணியற்ற கிராமத்துச் சிங்களவருக்கும் அரசு இதே கையிருப்பிலிருந்து கொடுக்கலாம். ஒருவருக்குக் கொடுப்பதை மற்றவரைக் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை. முதல் உறுதிகள் அரச தோட்டங்களிலிருந்தே வரட்டும், கணவன் மனைவி இருவர் பெயரிலும்.